ஜோடி கொடுத்த நாள்

அத்தியாயம் 14

போன வாரம் அண்ணன் கொண்டு வந்து போட்ட செய்தி இன்னும் வீட்டுக்குள் ஆறாமல் கிடந்தது.

சட்டமன்றத்துக்குப் பொன்விழாவாம். உயிரோடு இருக்கிற பழைய உறுப்பினர்களை மேடையேற்றிப் பதக்கம் கொடுக்கிறார்களாம். அம்மாவையும் அழைக்கிறார்கள். அழைக்க நேரில் வருகிறவர் விழாக்குழுத் தலைவர். மாஜி மந்திரி. அவர் பேரைக் கேட்டால் அம்மா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள்.

அதனால் இந்த வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை. "அந்த ஆள்" என்றால் போதும்.

அந்த ஆள் இன்று வருகிறார்.

சின்னவள் மருத்துவமனைக்கு லீவு சொல்லிவிட்டாள். எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க மற்றவர்களை மூச்சைப் பிடிக்கச் சொல்வது அவள் வேலை. இன்று காலையிலிருந்து அவளே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் முன்னதாகவே வந்துவிட்டான். கையில் பிஸ்கட், கேக், புதிதாக ஒரு பூச்சாடி. டயர் கடை முதலாளிக்குப் பூச்சாடி வாங்கத் தெரியும் என்பதே அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

"அம்மா என்ன பண்றாங்க?"

"தலை வாரிட்டு இருக்காங்க."

"மூட் எப்படி?"

"நீயே போய்ப் பாரு. நான் என்ன வானிலை அறிக்கையா?"

"இன்னிக்கு ஒரு நாள் உன் நாக்கைச் சுருட்டி வச்சுக்கோ. இந்தத் தேர்தல்ல எனக்கு சீட்டு கிடைக்கிறதும் கிடைக்காததும் அந்த மனுஷன் தலையாட்டறதுல இருக்கு."

"அவர் ஒரு தடவை கையாட்டினதுலயே நம்ம கதை முடிஞ்சுபோச்சு. இன்னும் தலை வேறயா?"

அண்ணன் பூச்சாடியை மேசையின் நடுவில் வைத்தான். பிறகு ஓரத்துக்குத் தள்ளினான்.

அம்மா ஒரே ஒரு முறைதான் சட்டமன்றத்தில் இருந்தாள். கண்ணாடி ஆலையில் பாட்டில் பொதியும் பிரிவில் வேலை. சங்கத்தில் பேசினாள், நின்றாள், ஜெயித்தாள். ஊர் அவளை 'மெம்பரம்மா' என்றது. ஆலைக் குடியிருப்பில் இருக்கிறவர்களுக்கே அந்த வீடுகள் சொந்தம் என்று ஒரு மசோதா வந்தது. அதற்காகத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். வாக்கெடுப்பு நாளில் அவள் போகவில்லை. ஒரே ஓட்டில் மசோதா விழுந்தது. அடுத்த மாதம் குடியிருப்பைக் காலி செய்ய லாரிகள் வந்தன.

விலை போய்விட்டாள் என்றார்கள். கட்சி மறுபடி நிற்க வைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

வீட்டுக்கு மட்டும் வேறு கதை தெரியும். சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கட்சி உறுப்பினர் வர முடியாமல் போனால், எதிர்க்கட்சியில் ஒருவர் அவருக்காகத் தானும் வராமல் இருப்பார். இங்கே ஒன்று குறைந்தால் அங்கேயும் ஒன்று. ஜோடி கொடுப்பது என்று பேர். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. வாய்ச்சொல்தான். அந்த ஆள் மனைவிக்குப் பிரசவம் சிக்கல் என்று வந்து நின்றார். அம்மா இரக்கப்பட்டு ஜோடி கொடுத்தாள். தன் கட்சிக் கொறடாவிடம்கூடச் சொல்லவில்லை. அவள் சொன்னபடி போகவில்லை. அந்த ஆள் சபைக்குப் போய்க் கையைத் தூக்கினார்.

இதுதான் சின்னவள் கேட்டு வளர்ந்த கதை.

இப்போது விழா மலர் அச்சுக்குப் போகிறது. அதில் அம்மாவுக்கு ஒரு பத்தி. அதன் கடைசி வரி: 'ஆலைக் குடியிருப்பு மசோதா மீதான வாக்கெடுப்பில் இவர் கலந்துகொள்ளவில்லை.'

ஒரு ஆயுள், ஒரு பத்தி. அதிலும் இந்த வரி.

அந்த ஆள் வாயாலேயே உண்மையைச் சொல்ல வைத்து அந்த வரியை மாற்றிவிடுவது என்று சின்னவள் முடிவு செய்திருந்தாள். அண்ணனின் சீட்டு எக்கேடு கெட்டாலும் சரி.

*

மாஜி கைத்தடியோடு வந்தார். சோபாவில் உட்கார அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் அந்தத் தோளை அதன்பிறகும் கொஞ்ச நேரம் சாய்த்தே வைத்திருந்தான்.

அம்மா வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மெம்பரம்மா! என்னை ஞாபகம் இருக்கா?"

"மறக்கிற மாதிரியா பண்ணீங்க?"

மாஜி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார். விழாவைப் பற்றிச் சொன்னார். மேடை, பதக்கம், ஆளுக்கு ஒரு நாற்காலி. பாதிப் பேர் போய்விட்டார்கள், மீதிப் பேருக்குக் காது போய்விட்டது என்றார். அண்ணன் தேவைக்கு மேல் சிரித்தான்.

"ஐயா, விழா மலர்ல எங்கம்மாவைப் பத்திப் போட்டிருக்கீங்களே, அதுல கடைசி வரியைப் பாத்தீங்களா?" என்றாள் சின்னவள்.

"சின்னவளே, ஐயாவுக்கு டீ கொண்டு வா" என்றான் அண்ணன்.

"நீ கொண்டு வா. உனக்கும் கால் இருக்கு."

மாஜி கையை உயர்த்தி அண்ணனை அமர்த்தினார். "பாத்தேம்மா. சபைக் குறிப்பில இருக்கறதைத்தானே போட முடியும்?"

"ஜோடி குடுத்ததை ஏன் போடல?"

"அது குறிப்பில வராது. வாய்ச்சொல்தானே."

"வாய்ச்சொல்னா மீறலாமா?"

"யாரு மீறினது?"

அவர் நடிக்கவில்லை. இருபது வருடமாக மனிதர்களின் உள்ளே பார்த்துக்கொண்டிருப்பவள் சின்னவள். அவர் முகத்தில் குழப்பம் மட்டும்தான் இருந்தது. அது மெல்ல மாறி ஒரு கள்ளச் சிரிப்பாயிற்று. அம்மாவின் பக்கம் குனிந்தார்.

"வீட்லகூடச் சொல்லலையா நீங்க? பெரிய மனசும்மா உங்களுக்கு. அன்னிக்கு நீங்க செஞ்ச உதவியை நானும் இதுவரைக்கும் வெளிய விட்டதில்லை."

"என்ன உதவி?" என்றாள் அம்மா.

"காலையிலேயே போன் பண்ணிச் சொல்லிட்டேனே. கட்சி என்னை விடமாட்டேங்குது, நான் வந்தாகணும், ஜோடி இல்லைன்னு வச்சுக்கோங்க, நீங்களும் வந்துடுங்கன்னு. ஓட்டெடுப்பு மணி அடிக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டா அது மீறினதாகாது. முறைப்படிதான் பண்ணினேன். ஆனா நீங்க வரல. வராம இருந்தீங்க பாருங்க, அது எங்களுக்கு ஓட்டுப் போட்ட மாதிரி. எங்க தலைவர்கூட, அந்தம்மா கெட்டிக்காரி, ரெண்டு பக்கமும் நல்ல பேரு வாங்கப் பாக்குதுன்னாரு."

அம்மாவின் கை நாற்காலிக் கைப்பிடியில் அப்படியே இருந்தது.

"போனை யார் எடுத்தாங்க?" என்றாள் சின்னவள்.

"ஒரு பையன். அம்மா குளிக்கறாங்க, நான் சொல்லிடறேன்னான். கணீர்னு இருந்தது குரல்." மாஜி அண்ணனைப் பார்த்துப் புன்னகைத்தார். "தம்பியாத்தான் இருக்கணும்."

"எனக்கு ஞாபகம் இல்லீங்க ஐயா" என்றான் அண்ணன். அவர் சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்ட பதில்.

மாஜிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. பிஸ்கட்டை எடுத்த கை பாதியில் நின்றது.

"சொல்லலையா உங்ககிட்ட?"

"சபைக்குள்ள வந்ததும் என் இடத்தைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"பாத்தேன்."

"காலியா இருந்தது."

"இருந்தது."

"மணி அடிச்சாங்க. கதவைச் சாத்தினாங்க. அப்பவும் காலியாத்தான் இருந்தது. நீங்க கையைத் தூக்காம இருந்திருக்கலாம்."

மாஜி கைத்தடியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "இருந்திருக்கலாம்தான்" என்றார். "மந்திரி ஆகியிருக்க மாட்டேன்."

"உங்க வீட்டம்மா அன்னிக்கு ஆஸ்பத்திரியில."

"ஆமா. நான் போறதுக்குள்ள பொண்ணு பொறந்துட்டா. கண்ணை மூடற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டினா அவ."

போகும்போது வாசலில் நின்று அண்ணனிடம் மட்டும் பேசினார். "தம்பி, அம்மாவை எப்படியாவது மேடைக்குக் கூட்டிட்டு வந்துடு. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

*

கார் தெருமுனை திரும்பும் வரை அண்ணன் வாசலிலேயே நின்றான். உள்ளே வந்தபோது சின்னவள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீதானே எடுத்த?"

"எனக்கு அப்பப் பதினாறு வயசு."

"நான் வயசைக் கேக்கல."

அண்ணன் சட்டைப் பொத்தானைத் திருகினான். "அப்பாகிட்டச் சொன்னேன். பக்கத்துலதான் சவரம் பண்ணிட்டு இருந்தாரு. நான் அவகிட்டச் சொல்லிக்கறேன், நீ போய்ச் சட்டை மாத்து, எல்லாரும் வெளிய போறோம்னாரு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லச் சொல்ற?"

சின்னவளுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. வாக்கெடுப்பு நாள் என்று அல்ல. மிருகக்காட்சி சாலைக்குப் போன நாள் என்று. ஒட்டகச்சிவிங்கிக்குக் கறுப்பு நாக்கு இருப்பதை அன்றுதான் பார்த்தாள். அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கூண்டாக நடந்தார். அம்மாகூடச் சிரித்தாள். அதற்கு முன்னும் பின்னும் அப்பா அவர்களை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. சின்ன வயதில் எது சந்தோஷமான நாள் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வாள்.

யாரும் அம்மாவைத் தேடிப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு மனிதர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்.

"சாயங்காலம் ரேடியோவுல சொன்னாங்களே. அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே?"

"அப்பா ஒண்ணுமே நடக்காத மாதிரி சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. நானும் சாப்பிட்டேன்." பொத்தானை விட்டுவிட்டான். "நாளாக ஆக எப்படிச் சொல்றது? நீ சொல்லியிருப்பியா?"

"அவன் மேல பாயாதே" என்றாள் அம்மா.

இருவரும் திரும்பினார்கள். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை.

"போன் வந்தது எனக்குத் தெரியாது. உங்கப்பா அன்னிக்கு லீவு போட்டது தெரியும். அவங்கம்மா செத்தப்பவே அரை நாள்தான் போட்டாரு அந்த மனுஷன்."

"அப்ப சந்தேகம் வந்துச்சா உங்களுக்கு?"

"அன்னிக்கு ராத்திரியே வந்துச்சு."

"கேக்கலையா?"

"கேட்டா பதில் வந்திருக்கும்."

மாஜி உட்கார்ந்து குழி விழுந்த சோபாவிலேயே சின்னவள் உட்கார்ந்தாள்.

அப்பா ஆலை அலுவலகத்தில் கணக்கு எழுதினார். மசோதா விழுந்த மறு வருடம் மேலாளர் ஆனார். இந்த வீட்டை ஆலை கொடுத்தது. நல்ல வீடு. காற்று வரும். எக்ஸ்ரே படித்ததும், புருஷனோடு ஒத்துப்போகாமல் பெட்டியோடு திரும்பி வந்ததும், அப்பாவின் கடைசி நாட்களில் அவருக்குக் கஞ்சி ஊட்டியதும் எல்லாம் இதே வீட்டில்தான்.

"இத்தனை வருஷமா அந்த ஆளையில்ல திட்டிக்கிட்டு இருந்தீங்க?"

"யாரையாவது திட்டணுமே. அந்த ஆள் தூரத்துல இருந்தாரு. வசதியா இருந்தது."

அண்ணன் அம்மாவின் நாற்காலிக்கு அருகில் குந்தி உட்கார்ந்தான். "அம்மா, அப்பா போய்ச் சேர்ந்தாச்சு. இனி இதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? மேடையேறிப் பதக்கத்தை வாங்கிட்டு இறங்கிடுங்க. மெம்பரம்மா மகன்னு சொல்லித்தான் நான் சீட்டே கேக்கறேன். உங்க பேரு வேணும்மா எனக்கு."

"எந்தப் பேரு?"

அண்ணன் எழுந்து பூச்சாடியை மறுபடி மேசையின் நடுவுக்கு நகர்த்தினான்.

"நான் விழாக்குழுவுக்கு எழுதறேன்" என்றாள் சின்னவள். "அந்த வரியை எடுத்துட்டு நடந்ததைப் போடட்டும்."

"என்னன்னு போடுவாங்க? புருஷன் மறைச்சுட்டாருன்னா? போட்டு அலமாரியில அடுக்குவாங்க. வீட்டை விட்டு லாரியில போனவங்கள்ல ஒருத்திகூட அந்தப் புஸ்தகத்தைப் பிரிக்க மாட்டா." அம்மா எழுந்தாள். "மைக் இப்ப எங்க இருக்கா?"

மைக் என்பது ஒரு பெண். ஆலையில் அம்மாவின் பக்கத்து மேசைக்காரி. தேர்தலில் தெருத்தெருவாக அம்மாவுக்காகக் கத்தியவள். மசோதா விழுந்த வாரம் வந்து வாசலில் நின்று அதே குரலில் கத்திவிட்டுப் போனவள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வந்ததில்லை.

சின்னவளுக்கு இடம் தெரியும். போன வருடம் இடுப்பு எக்ஸ்ரேவுக்கு மைக் வந்திருந்தாள். யார் மகள் என்று தெரிந்ததும், வேறு ஆளைக் கூப்பிடு என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பஸ் டிப்போ பின்னாடி."

"அம்மா, வேணாம்!" என்றான் அண்ணன். "அதுகிட்டப் போய்ச் சொன்னா ஊர் பூராக் கேக்கும்."

"சும்மாவா மைக்குன்னு பேரு வச்சோம்?" என்றாள் அம்மா.

*

அண்ணனின் காரிலேயே போனார்கள். அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். டிப்போவின் பின்னால் டீசல் நெடி. கட்டடத்தில் லிப்ட் இல்லை. "நான் மேல வரல" என்று அண்ணன் காருக்குள்ளேயே இருந்துவிட்டான்.

மூன்றாவது மாடி. அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். சின்னவள் கை கொடுத்தால் தட்டிவிட்டாள்.

கதவைத் திறந்தவள் ஊன்றி நடக்கும் நடைச்சட்டத்தைப் பிடித்திருந்தாள். உடம்பு வற்றியிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

"இருக்கேன்."

"எதுக்கு வந்த? ஓட்டுக் கேக்கவா? உன் பையன் நிக்கறானாமே."

"ஒண்ணு சொல்லணும்."

"அங்கேயே நின்னு சொல்லு."

பக்கத்து வீட்டுக் கதவு ஒன்று திறந்தது. மாடிப்படியில் காய்கறிப் பையோடு ஏறி வந்த பெண் நின்றுவிட்டாள்.

அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. எதிர்க்கட்சி ஆளுக்கு ஜோடி கொடுத்தது. அவன் வராவிட்டால் தானும் போவதில்லை என்று ஒப்புக்கொண்டது. அன்று காலை அவன் போனில் அதை ரத்து செய்தது. போன் வந்த சேதி அவளிடம் வந்து சேராதது.

"அவனுக்கு எதுக்குடி குடுத்த?"

"அவன் பொண்டாட்டிக்குப் பிரசவம்."

"எனக்கும்தான் அப்ப எட்டு மாசம். லாரியில சாமானோட சாமானாத்தான் ஏறினேன்."

அம்மா கண்ணைத் தாழ்த்தவில்லை. அதை வாங்கிக்கொண்டாள்.

"போன் வந்ததை யார் மறைச்சது?" என்று கேட்டாள் மைக்.

சின்னவள் காத்திருந்தாள். அம்மா அப்பாவைச் சொல்ல வேண்டும் என்றுதான் அவள் வந்திருந்தாள். அந்த நொடியில், சொல்லாமல் இருந்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

"என் வீட்டுக்காரர்" என்றாள் அம்மா.

சொல்லியாயிற்று. நாற்பது வருடமாக அம்மா மேல் இருந்தது இறங்கிவிட்டது என்று சின்னவள் நினைத்தாள். மைக்கின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் எதற்கும் இளகவில்லை.

"இதைச் சொல்லவா மூணு மாடி ஏறி வந்த?" என்றாள் மைக். "நீ விலை போயிட்டேன்னு கத்தினது ஒரு மாசம். லாரி வந்த அன்னிக்கே தெரியும் எங்களுக்கு. வீடு வீடா நின்னு பேரைப் படிச்சு எங்களை லாரியில ஏத்தினது யாரு? உன் புருஷன்தானே?"

"ஆபீஸ் வேலைன்னு சொன்னாரு."

"சொன்னாரு. நீயும் கேட்டுக்கிட்ட." மைக் நடைச்சட்டத்தை ஒரு அடி முன்னால் தள்ளினாள். "நீ ஓட்டுப் போடாதது கூடப் போகட்டும். நீ வருவேன்னு பாத்தோம்டி. அந்த வீடு எனக்கு வேணாம்னு உதறிட்டு எங்களோட வந்து நிப்பேன்னு பாத்தோம். நீ பெட்டியைக் கட்டிக்கிட்டு அங்க குடி போன. அவனுக்குச் சமைச்ச. அவன் செத்ததும் அழுத."

மைக் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"இப்பவும் அங்கதானே இருக்க?"

"அங்கதான்."

"சரி. சொல்லிட்ட. நானும் கேட்டுட்டேன். இன்னிக்கு எங்க போய்ப் படுப்ப?"

காய்கறிப் பைக்காரி இறங்குவதா ஏறுவதா என்று தெரியாமல் நின்றாள். கீழே அண்ணன் ஒருமுறை ஹார்ன் அடித்தான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை.

மைக் கதவைச் சாத்தவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

சின்னவள் அம்மாவின் முழங்கையைத் தொட்டாள். "போலாம்மா."

அம்மா கைப்பிடிச் சுவரை விட்டுவிட்டு, மாடிப்படியின் மேல் படியில் மெல்ல உட்கார்ந்தாள். முதுகு மைக்கின் வாசலைப் பார்த்திருந்தது.

"நீ கீழ போ" என்றாள் மகளிடம். "உங்கண்ணனை நிக்க வேணாம்னு சொல்லு. கிளம்பச் சொல்லு."